காப்புக் கட்டிய கை

குழாய்க்குள் தலை போனதும் மரகதம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு தடவை திறந்து பார்த்ததே போதும். முகத்தின் மேல் கவிழ்த்திருந்த கூண்டுக்கு அப்பால், ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், வெள்ளையாக வளைந்த கூரை. பாடையில் படுத்தவளுக்குக்கூட வானம் தெரியும் என்று நினைத்தாள். நினைத்த கையோடு, சீ, வாயைக் கழுவு என்று தன்னையே வைதுகொண்டாள். வாயால் எங்கே சொன்னாள், நினைத்ததுதானே. நினைப்பை எதை ஊற்றிக் கழுவுவது? “இருபத்தஞ்சு நிமிசந்தானுங்க்கா. அசையாமப் படுத்துக்கங்க. அசைஞ்சீங்கன்னா படம் கலங்கிப் போயிரும், மறுக்கா மொதல்லேர்ந்து எடுக்கோணும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் ஸ்கேன் எடுக்கிற பெண். பானு என்று பெயர், நீல முக்காடு, மகள் பூவிழியைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம். போவதற்கு முன்னால் மரகதத்தின் வலது கையில் ரப்பர் உருண்டை ஒன்றைக் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்கச் சொன்னாள். பயமாக இருந்தால் என்றால் என்ன கணக்கு? வீட்டுப் படி இறங்கியதிலிருந்தே பயம்தான். எந்தப் பயத்துக்கு அமுக்குவது, எதற்கு அமுக்காமல் விடுவது என்று அந்தப் பெண் சொல்லவில்லை. தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி எல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புருசன் குழந்தைவேலுவின் சட்டைப் பையில் இருக்கின்றன. கழுத்தில் இப்போது மஞ்சள் துண்டு கோத்த வெறும் கயிறு. அதைக் கட்டிவிடும்போது அவன் விரல் நடுங்கியதா, இல்லை தன் கழுத்துத்தான் நடுங்கியதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. இருபது வருசமாக லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடைகிற விரல், மயிரிழை பிசகாத விரல், அதுவா நடுங்கும்? கழுத்துத்தான் நடுங்கியிருக்கும். இடது கை மணிக்கட்டில் அம்மனுக்குக் கட்டிய காப்புக் கயிறு மட்டும் இருக்கிறது.

சத்தம் தொடங்கியது. முதலில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி டொக், டொக், டொக். அப்புறம் கதவை இடிக்கிற மாதிரி. அப்புறம் அவள் தலையையே கதவென்று நினைத்து இடிக்கிற மாதிரி டக்குடக்குடக்குடக்கு. பஞ்சு அடைத்த காதுக்குள்ளும் புகுந்து பல்லில் போய் நின்றது. உடம்பு துள்ளப் பார்த்தது, அடக்கினாள். எண்ணு, மரகதம், அடியை எண்ணு. எண்ண எண்ண அது எங்கேயோ கேட்ட அடியாக இருந்தது. நாலு அடித்து ஒன்று நிறுத்தி, நாலு அடித்து ஒன்று நிறுத்தி. இது கம்பத்தாட்டத்து மேளமல்லவா! மாரியம்மன் கோயில் வாசலில் கம்பம் நட்டு இன்றோடு ஏழு நாள். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி, தோலுரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நட்டால் அது மரமில்லை, மாரியாத்தாளுக்குப் புருஷன். பதினைந்து நாள்தான் அவளுக்கு வாழ்வு. பதினாறாம் நாள் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டுவிடுவார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவள் ஊரான வேலாத்துப்பாளையத்துக்கு வேறு முகம். பொழுது விடியும் முன்னே பெண்டுகளெல்லாம் ஈரத்துணியோடு குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். தெருவே மஞ்சளாக ஓடும். வேப்பிலையும் மஞ்சளும் சேறும் சேர்ந்த அந்த வாசனையை ஒரு சீசாவில் பிடித்து வைக்க முடியுமென்றால் வருசம் முழுக்க மோந்துகொண்டே இருப்பாள். வீடுகளில் கடுகு தாளிக்க மாட்டார்கள், மிளகாய் வறுக்க மாட்டார்கள், அம்மனுக்குக் கண் எரியும். ஊரே உப்புச் சப்பில்லாமல் தின்றுவிட்டு அப்படி ஒரு சந்தோசமாகத் திரியும். கட்டிக் கொடுத்த பெண்கள் வந்துவிடுவார்கள். வருசம் பூராவும் பேசாத பங்காளிகள் கம்பத்தைச் சுற்றி ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்த்து ஆடுவார்கள். மற்ற ஊரில் பிறந்தவர்களை நினைத்தால் மரகதத்துக்குப் பாவமாக இருக்கும், இது இல்லாமல் எப்படித்தான் வருசத்தைத் தள்ளுகிறார்களோ என்று. டக்குடக்குடக்குடக்கு. மூன்றாம் நாள்தான் அது நடந்தது. இடது இடுப்பில் குடம், இடது கை குடத்தின் கழுத்தில், கம்பத்துக்கு நாலு எட்டு இருக்கும்போது அந்தக் கை இல்லாமல் போய்விட்டது. கை இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அவளுடையதாக இல்லை. குடம் விழுந்து உருண்டு கம்பத்தடியில் போய் முட்டி நின்றது. எல்லோரும் குடங்களோடு விலகி நின்றார்கள். ஒரு கிழவி மட்டும் ‘ஆத்தா, பொறுத்துக்கோ’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குடம் விழுந்தது பெரிதா, அந்தக் கன்னத்தில் போட்டுக்கொண்டது பெரிதா என்றால் மரகதத்துக்கு இரண்டாவதுதான் இன்றுவரைக்கும் கேட்கிறது.

சத்தம் சட்டென்று நின்றது. மௌனம் அதைவிட மோசம். முடிந்துவிட்டதா? கேட்டால் தாடை அசையும். இப்போது மணி மூன்று இருக்குமா? மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் ஐந்தேகாலுக்கு ஊர். அதை விட்டால் அடுத்தது நாலே முக்கால், அது ஊர் ஊராக நின்று போகிற சனியன், எல்லைக் கல்லைத் தாண்டும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். கம்பம் நட்டபோது ஊரில் இருந்தவர்கள் கம்பம் பிடுங்கும்வரை வெளியூரில் தங்கக் கூடாது. காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டவே கூடாது, தலை போகிற காரியமாக இருந்தால் தாண்டிவிட்டு விளக்கு வைக்கும் முன் வந்துவிட வேண்டும். தலை போகிற காரியந்தான் இது, ஆத்தா, நெசமாலுமே தலைதான் என்று சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கினாள். அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அவள் அப்பன் இந்த விதியைத் தாண்டினார். கம்பம் நட்ட அஞ்சாம் நாள் ஜமுக்காள லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போனவர் லாரி கெட்டு அங்கேயே தங்கிவிட்டார். வந்த மறுமாதம் இடது கண் பூத்துப்போயிற்று. மாரியாத்தா கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றது ஊர். ‘அட போங்கடா, லாரிக்கு வெல்டிங் வெச்சப்பப் பொறி பட்டது எனக்குத் தெரியாதா’ என்று சாகும்வரை சிரித்தார் அப்பன். ஆனால் அடுத்த வருசத்திலிருந்து கம்பம் நட்டால் மனிதர் ஊர்க் கிணற்றைத் தாண்டமாட்டார். சிரித்தது நிசமா, தாண்டாதது நிசமா? இரண்டில் ஒன்று நிசமென்றால் இன்னொன்று என்ன? குழந்தைவேலும் அப்படிச் சிரிக்கிற ஆள்தான். கம்பத்துக்கு ஊற்றுகிற தண்ணீரில் ரெண்டு ஏக்கரா மஞ்சள் வைக்கலாம் என்பான். உங்க மாரியாத்தா கம்பத்தைக் கட்டிக்கிட்டா, எங்க பட்டறைக்கு வந்தா நல்ல இரும்பு ஐ-பீம் பார்த்துக் கட்டி வெப்பேன், துருப்பிடிக்காம இருக்கும் என்பான். அவன் வாயில் விழுந்து எழும்பாத சாமி இல்லை. ஆனாலும் நேற்று உள்ளூர் டாக்டர் வீட்டிலிருந்து நடந்து வரும்போது ஒரு கேலிகூடப் பேசவில்லை. அவளை எடை பார்த்துவிட்டு வரச் சொல்லி நர்ஸோடு அனுப்பினார் டாக்டர். திரும்பி வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த குழந்தைவேலு, ‘நரம்பு வீக்கு, அவ்வளவுதான், ஒரு படம் எடுத்துப் பாத்துரலாமுன்னாரு’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மறுபடியும் சத்தம். இந்தத் தடவை வேறு மாதிரி, லேத்தில் இரும்பைக் கொடுத்தால் கத்துமே அப்படி, கீ…ங் கீ…ங் கீ…ங். இரும்பு. அந்த வார்த்தை மனதில் வந்ததும் மரகதத்துக்குக் காப்பு ஞாபகம் வந்தது. காப்பில் என்ன இருக்கிறது? காலையில் கிளம்பும்போது குழந்தைவேலு எதிரில் வந்து உட்கார்ந்து, அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காப்புக் கயிற்றோடு சேர்த்து மஞ்சள் துணியில் பொதிந்த ஏதோ ஒன்றை இறுக்கி முடிந்தான். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும், ஆனால் கெட்டியாக இருந்தது. ‘என்னங்க இது?’ என்றாள். ‘ஒன்னுமில்ல. எல்லை தாண்டறயில்ல, இருக்கட்டும்’ என்றான். எல்லை தாண்டுகிறவர்கள் எதை வைத்துக்கொள்வார்கள்? ஊரில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், இரும்பு. ஆணியோ லாடத் துண்டோ சாவியோ முந்தானையில் முடிந்துகொள்வார்கள், காற்றுக் கருப்பு அண்டாது. லேத்துக்காரன் பெண்டாட்டிக்கு இரும்புக்கா பஞ்சம். அவன் சட்டையை உதறினாலே அரைக்கால் கிலோ தேறும். அப்போது அவளுக்கு அது தோன்றவே இல்லை, கையை அவன் மடியில் வைத்திருந்ததே பெரிதாக இருந்தது. பானு கேட்டாளே, கையைத் தொட்டுக் கேட்டாளே, ‘இதென்னங்க்கா, கயிறா? உள்ள கம்பி கிம்பி ஒன்னுமில்லியே?’ என்று. ‘கயிறும் மஞ்சக் கெழங்குந்தானுங் கண்ணு’ என்று வாய் கூசாமல் சொன்னாள். வேறு ஏதாவது சொன்னால் கத்தரிக்கோலை எடுத்துவிடுவாளோ என்ற பயம். கம்பம் நிற்கும்போது காப்பை அறுப்பதா? அறை வாசலில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு இரும்பு நாற்காலி பறந்து வந்து இந்தக் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது. ‘ஹேர்பின்கூடப் பறந்து வருமுங்க்கா, தோட்டா மாதிரி’ என்று பானு வேறு சொன்னாள். தோட்டா. மணிக்கட்டிலிருந்து கிளம்பினால் எங்கே போகும்? தலைக்குத்தான், வேறெங்கே போகும்? படத்தைத் தலைக்குத்தானே எடுக்கிறார்கள்.

இப்போது இழுத்தது. இடது மணிக்கட்டை ஏதோ ஒன்று நிச்சயமாக இழுத்தது. கை மரமரவென்று, விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி. காந்தம் இழுக்கிறதா? இல்லை, குடம் விழுந்த அன்று வந்த அதேதானா, தலைக்குள் இருக்கிற அது, இருந்தால் இருக்கிற அது, இழுக்கிறதா? இல்லை, எல்லை தாண்டி வந்தவளை ஆத்தாதான் காப்பைப் பிடித்து வாடி வீட்டுக்கு என்று இழுக்கிறாளா? மூன்றும் ஒரே கையில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்பன் சொல்வார். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் சொன்னால் நம்பிக்கை வராது. வலது கை உருண்டையைப் பிடித்திருந்தது, வியர்வையில் வழுக்கியது. அமுக்கினால் பானு வருவாள், காப்பை அறுப்பாள். எல்லையையும் தாண்டி, காப்பையும் அறுத்துக்கொண்டு போய்க் கம்பத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? இன்று காலை தனக்குப் பதிலாகப் பூவிழி குடம் தூக்கினாள், முதல் தடவை, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால்? அமுக்காவிட்டால் ஆணி. பெண்டாட்டிக்குக் காவலென்று கட்டியது பெண்டாட்டியின் மண்டையிலேயே இறங்கிற்று என்றால் குழந்தைவேலு அதற்கப்புறம் இரும்பைத் தொடுவானா? சோற்றைத் தொடுவானா? அவனை நினைத்ததும்தான் அவளுக்கு நிசமாகவே அழுகை வந்தது. கண்ணீர் காதுப் பக்கம் வழிந்து பஞ்சில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. ஆத்தா, பதினஞ்சு நாள் புருசனோட வாழறவளுக்கு இது தெரியாதா, நீயே சொல்லு, அறுத்தா மன்னிப்பியா? இரும்புதான் கீ…ங் கீ…ங் என்று கத்தியது. கத்தல் ஏறிக்கொண்டே போன ஒரு கணத்தில் மரகதம் உருண்டையை அமுக்கினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

சத்தம் நின்று, படுக்கை வெளியே நகர்ந்து வந்தது. பானு ஓடிவந்து முகத்துக் கூண்டை எடுத்தாள்.

“என்னங்க்கா, மூச்சு முட்டுதுங்களா? இன்னம் எட்டு நிமிசந்தான் இருந்துச்சு.”

“கண்ணு, உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்” என்றாள் மரகதம். “இந்தக் காப்புல இரும்பு இருக்குது. எங்க வீட்டுக்காரரு வெச்சுக் கட்டியிருக்காரு. நான் நெனச்சே பார்க்கல.”

பானுவின் முகம் வெளுத்துப்போனது. மரகதத்தின் கையைப் பிடித்து எழுப்பி, அறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், மேசை இழுப்பறையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு கருவியை எடுத்துக் காப்பின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தினாள். கருவி சும்மா இருந்தது. தன் சாவிக்கொத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், கூவியது. மறுபடி காப்பின் மேல் வைத்தாள், சும்மா இருந்தது.

“இரும்பெல்லாம் இல்லீங்க்கா” என்றாள், பெருமூச்சு விட்டு. “நானே மொதல்லயே இத வெச்சுப் பார்த்திருக்கோணும், என் தப்புங்க. இந்தக் காந்தம் நிறுத்தறதே கெடையாது, எப்பவும் இழுத்துட்டேதான் இருக்கும். இரும்பா இருந்துச்சுன்னா நீங்க உள்ள கால் வெக்கறப்பவே கையப் பிடிச்சு இழுத்திருக்கும்.”

“இப்ப இழுத்துச்சே.”

பானு அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். பார்வையைக் காப்பின் மேல் வைத்துக்கொண்டு, “அப்ப உள்ள என்னங்க்கா இருக்குது? கையெல்லாம் ஒழுகுது பாருங்க” என்றாள்.

மரகதம் குனிந்து பார்த்தாள். மணிக்கட்டு வியர்வையில் நனைந்திருந்தது. மஞ்சள் துணியும் நனைந்து, அதிலிருந்து செம்மண்ணும் மஞ்சளும் கலந்த சேறு கசிந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் கெட்டியாக இருந்தது இப்போது விரலால் அழுத்தினால் அமுங்கியது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். வேப்பிலை, மஞ்சள், சேறு. சீசாவில் பிடித்து வைக்க முடியாத அந்த வாசனை. கம்பத்தடி மண். அவள் ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லை, ஊர் அவள் கையிலேயே இருக்கிறது, எல்லையும் இல்லை, தாண்டலும் இல்லை, எந்தப் பஸ்ஸை விட்டாலும் இனி விளக்கு வைக்கும் நேரம் அவளை ஒன்றும் செய்யாது. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் உடம்பெல்லாம் குளிர்ந்தது. யார் சொல்லிக் கொடுத்தது இந்த மனிதருக்கு? அப்புறந்தான் காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன்னே எங்கேயோ போய்விட்டு வந்து நின்றான், வேட்டி விளிம்பெல்லாம் ஈரம், காலெல்லாம் சேறு. கூட்டித் துடைத்த வீட்டைப் பாழாக்குகிறீர்களே என்று அவள் வைதாள். அவன் போய்க் கால் கழுவினான். பெண்டுகள் குடத்தோடு நிற்கிற கூட்டத்தில் இவன் போய்க் குனிந்திருக்கிறான். இருபது வருசமாகக் கம்பத்தைக் கேலி பேசியவன், கோயில் வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாதவன், எல்லோரும் பார்க்க முழங்கால் சேற்றில் குனிந்து மண் எடுத்திருக்கிறான். சாத்தியிருந்த அந்தக் கதவுக்குள் டாக்டர் என்ன சொன்னார்?

கேள்வி வந்த இடத்திலேயே நின்றது. அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை, நினைக்காமல் இருக்கவும் வழி இல்லை. இத்தனை நேரம் ஆணிக்குப் பயந்தாளே, ஆணியாகவே இருந்திருக்கலாம். ஆணி என்றால் எல்லோரும் வைப்பதை அவனும் வைத்தான் என்று போய்விடும். மண் எடுக்க அவனைக் குனியவைத்தது எதுவோ, அதுதான் அவள் தலைக்குள் இருக்கிறது. தாலிக் கயிறு கட்டியபோது நடுங்கியது அவள் கழுத்து இல்லை. இப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

“உங்க வீட்டுக்காரரத்தான் கேட்டுப் பார்க்கட்டுங்களா? வெளியதான் உக்கார்ந்திருக்காரு” என்றாள் பானு.

“வேண்டாங் கண்ணு.” மரகதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் நடுவுல எந்திரிச்சு வந்தேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. கயிறு அவுந்துதான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லுங்க. பயந்தனான்னு கேட்டா, அதுவும் இல்லைன்னு சொல்லுங்க.”

“மொதல்லேர்ந்து எடுக்கோணுமுங்க்கா. மூணரை பஸ் போயிரும்னீங்களே?”

“போனாப் போகுது.”

கசிந்த சேற்றை அவள் துடைக்கவில்லை. தானாகவே போய்ப் படுக்கையில் ஏறி, தலையைப் பள்ளத்தில் வைத்தாள். கூண்டு கவிழ்ந்தது. படுக்கை உள்ளே நகர்ந்தது. பயம் இருந்தது, முன்னைவிடக் கூடவே இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுடையதும் சேர்ந்து. வலது கையில் உருண்டை இருந்தது, அதை விட்டுவிட்டு இடது மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள், குடத்துக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி. மண் காயாமல் ஈரமாகவே இருந்தது. டொக், டொக், டொக் என்று மேளம் முதல் அடியிலிருந்து தொடங்கியது.